காய்கறியா, மாத்திரையா, பவுடரா? ஆன்டிஆக்ஸிடன்டுக்கு எது சரியான வழி

செல்களைத் தாக்கும் மூலக்கூறுகளை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் உடம்புக்கு நல்லது, நோயிலிருந்து காக்கும் என்பது இன்று தெரியாதவர் இல்லை. அதற்கு அடுத்த கேள்வியில்தான் பலரும் திணறுகிறார்கள். காய், பழம் சாப்பிட்டால் போதுமா? கூடவே வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் இன்னும் நல்லதா? ஒரே மல்டிவைட்டமினில் எல்லாம் அடங்கிவிடுமா? கிரீன் டீ கேப்சூல், பெர்ரி பவுடர் என்று வருகிறதே, அவை எப்படி? வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்த நான்கு வழிகளையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்குச் சாப்பாடுதான் சரியான வழி. மாத்திரையால் சிலருக்கு உண்மையான பலன் உண்டு. வேறு சிலருக்கு உண்மையான கெடுதலும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தில் எதிலாவது நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

## உடம்புக்குள் என்ன நடக்கிறது

நம் செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கிறது. அந்த வேலையின்போது சில எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்ஸிஜனோடு சேர்ந்துகொள்ளும். ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகும் வழிகளில் இது ஒன்று. ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும் இவை, பக்கத்தில் இருக்கும் மூலக்கூறிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது செல் சவ்வில் உள்ள கொழுப்பாக இருந்தால், அது தானே ஒரு ராடிக்கலாக மாறி அடுத்த கொழுப்பைத் தாக்கும். அது அதற்கடுத்ததைத் தாக்கும். இந்தச் சங்கிலியை நடுவில் அறுப்பது வைட்டமின் ஈ. அப்படி அறுத்ததில் செயலிழந்துபோகும் வைட்டமின் ஈயை, வைட்டமின் சி மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரும். இந்தத் தாக்குதல் டி.என்.ஏ.வில் நடந்தால் புற்றுநோய்க்கும், ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலில் நடந்தால் ரத்தக்குழாய் அடைப்புக்கும், கண் லென்ஸில் நடந்தால் கண்புரைக்கும் அது துணைபோகிறது.

ஆனால் தற்காப்பின் பெரும்பகுதியை உடம்பு தானே பார்த்துக்கொள்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்று நமக்குச் சொந்தமான நொதிகள் இருக்கின்றன. முதலாவது நொதியின் இந்த வேலை 1969இல்தான் தெரியவந்தது. ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு ராடிக்கலை அடக்கியதும் தீர்ந்துவிடும், அல்லது புதுப்பிக்க வேண்டியிருக்கும். நொதியோ அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். அதற்குத் துத்தநாகம், செம்பு, மாங்கனீஸ், இரும்பு, செலினியம் போன்ற தாதுக்கள் சிறிய அளவில் வேண்டும். சிறிய அளவில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃப்ரீ ராடிக்கல் முழுக்க முழுக்க எதிரியும் கிடையாது. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதே இவற்றை வைத்துத்தான். உடற்பயிற்சி செய்யும்போது தசையில் உருவாகும் ராடிக்கல்கள்தான், தற்காப்பைப் பலப்படுத்து என்று உடம்புக்குச் சொல்கின்றன. ஆகவே, ராடிக்கல்களை எவ்வளவு அதிகமாக அழிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு அடிப்படையிலேயே தவறு.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். மனிதர்களுக்கு நோய் குறைந்ததா என்பது முதலாவது. அளவு கூடினால் என்ன ஆகும், நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடும் உங்களுக்கு இருக்கும் நோயோடும் அது ஒத்துப்போகுமா, வெளியில் தெரியாத செலவு என்ன என்பவை மற்ற மூன்று.

முதல் அளவுகோலை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த உணவில் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி அதிகம் என்று சோதனைக்குழாயில் அளந்து, மதிப்பெண் போட்டு, அதையே விளம்பரமாக்கும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையே அப்படி ஒரு பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்லி 2012இல் அதை எடுத்துவிட்டது. ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் சாப்பிட்டபின் ரத்தத்தை எடுத்து அளந்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறியிருக்கும். பழத்தில் உள்ள பாலிபீனால்கள் என்ற தாவர ஆன்டிஆக்ஸிடன்டுகள் வேலை செய்கின்றன என்று நினைக்கத் தோன்றும். ஆராய்ந்து பார்த்தபோது, அதற்கு முக்கியக் காரணம் பழத்தில் உள்ள ஃப்ரக்டோஸ் ரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டியதுதான் என்று தெரிந்தது. யூரிக் அமிலமும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட். அதனால் ஆப்பிள் கெட்டது என்று ஆகிவிடாது. எண் ஏறியது என்பதை மட்டும் வைத்து நோய் குறைந்தது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

## முதல் வழி: சாப்பாடு

2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 95 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. காய்கறி, பழம் சாப்பிடும் அளவு கூடக்கூட மாரடைப்பு, பக்கவாதம், அகால மரணம் ஆகியவற்றின் அபாயம் குறைந்துகொண்டே வந்தது. நாளொன்றுக்கு 800 கிராம் வரை இந்தப் போக்கு தெரிந்தது. புற்றுநோய்க்கு அது 600 கிராம் வரை. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது.

இதில் ஒரு நேர்மையான சந்தேகம் உண்டு. நிறையக் காய்கறி சாப்பிடுகிறவர்கள் பொதுவாகக் குறைவாகப் புகைப்பவர்கள், கூடுதலாக நடப்பவர்கள். பலன் முழுவதையும் காய்கறியின் கணக்கில் எழுதிவிட முடியாது. எழுதினாலும் அது ஆன்டிஆக்ஸிடன்டால் மட்டும் வந்ததா, நார்ச்சத்தாலா, பொட்டாசியத்தாலா என்று பிரிக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், பிரிக்க முடியாததுதான் சாப்பாட்டின் பலம். எல்லாம் சேர்ந்தே வருகின்றன, உடம்பு தாங்கும் அளவிலேயே வருகின்றன. வெறும் காய்கறி, பழத்தின் மூலம் வைட்டமின் சியையோ ஈயையோ ஆபத்தான அளவுக்கு எடுத்துக்கொள்வது நடைமுறையில் நடக்காத காரியம்.

சமைக்கும் விதமும் முக்கியம். வைட்டமின் சி நீரில் கரைவது, சூட்டில் சிதைவது. காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதுவும் கூடவே போய்விடும். ஆவியில் வேகவைப்பது மேல். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் இதற்கு நேர்மாறு. வேகவைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கேரட், கீரை போன்றவற்றில் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிகளுக்கும் கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாத சாலட்டில் அவை பெரும்பாலும் உடம்பில் சேராமலே போகும். பச்சையாகச் சாப்பிடுவதா, சமைத்துச் சாப்பிடுவதா என்று சண்டை போடாமல் இரண்டையும் கலந்து சாப்பிடுவது நல்லது. ஜூஸாகப் பிழிந்தால் நார்ச்சத்து பெரும்பாலும் போய், சர்க்கரை மட்டும் வேகமாக ரத்தத்தில் ஏறும். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

தெரியாத செலவுகளும் இதில் இருக்கின்றன. வாங்க, கழுவ, நறுக்க நேரம் வேண்டும். வாங்கியது கெட்டும் போகும். சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியம் நிறைந்த காய்கறி, பழங்களை மருத்துவர் சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் கீரையை ஒரு நாள் குவித்தும் மறுநாள் அடியோடு விட்டும் சாப்பிட்டால், வைட்டமின் கே ஏறி இறங்கி மருந்தின் வேலையைக் குழப்பும். அவர்கள் கீரையை விட வேண்டியதில்லை, அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டால் போதும்.

## இரண்டாவது வழி: தனித்தனி வைட்டமின் மாத்திரைகள்

இங்கேதான் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் மிகப் பெரிய எதிர்பார்ப்பும் மிகப் பெரிய ஏமாற்றமும் இந்த வழியில்தான்.

கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினில் தொடங்குவோம். அது நிறைந்த உணவு சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுக்கலாமே என்று ஃபின்லாந்தில் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். எல்லோரும் புகைப்பவர்கள், 50 முதல் 69 வயதுக்குள் இருந்தவர்கள். 1994இல் முடிவு வந்தது. நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. தற்செயலாக இருக்குமோ என்று பலரும் நினைத்தார்கள். அமெரிக்காவில் அதே நேரத்தில் 18,314 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு 30 மி.கி. பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏவும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த மரணம் 17 சதவீதமும் கூடியதைப் பார்த்து, 1996 ஜனவரியில் ஆய்வைக் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். பெரும்பாலும் புகைக்காத 22,071 ஆண் மருத்துவர்கள் பங்கேற்ற வேறோர் ஆய்வில், 12 ஆண்டுகள் எடுத்தும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

எனவே புகைப்பவரும், முன்பு புகைத்தவரும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. கேரட்டுக்கு இந்தத் தடை கிடையாது.

வைட்டமின் ஈ. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 15 மி.கி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) கேப்சூல் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இதே அளவை 35,533 ஆண்களிடம், சிலருக்குத் தனியாகவும் சிலருக்குச் செலினியத்தோடும் கொடுத்து, புராஸ்டேட் புற்றுநோய் குறைகிறதா என்று பார்த்தார்கள். பலன் தெரியவில்லை என்று 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகும் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடையே அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் தெரியவந்தது. மாரடைப்பைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பும் பெரிய ஆய்வுகளில் நிறைவேறவில்லை. ரத்தம் உறைவதைக் குறைக்கும் தன்மை இதற்கு இருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கும் கூடுதல் ஆபத்து.

வைட்டமின் சி இவற்றைவிட மென்மையானது. தேவை ஆண்களுக்கு 90 மி.கி., பெண்களுக்கு 75 மி.கி. ஒரு நடுத்தர ஆரஞ்சிலேயே சுமார் 70 மி.கி. கிடைத்துவிடும். தினமும் 200 மி.கி. போனாலே ரத்தத்தில் அளவு ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் போவதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். 1,000 மி.கி. மாத்திரை போடுகிறவர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை, பிடித்த சளி சுமார் 8 சதவீதம் சீக்கிரம் விடும். மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடும் குளிரில் பயிற்சி எடுக்கும் வீரர்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. மறுபக்கம், அதிக அளவு மாத்திரை எடுத்த ஸ்வீடன் ஆண்களிடையே சிறுநீரகக் கல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. ஏற்கெனவே கல் வந்தவர்களும், உடம்பில் இரும்பு அதிகம் சேரும் நோய் உள்ளவர்களும் விலகி இருப்பது நல்லது.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. 2009இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பயிற்சியோடு வைட்டமின் சி 1,000 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யு. எடுத்த இளைஞர்களுக்கு, உடற்பயிற்சியால் வரவேண்டிய, இன்சுலின் உடம்பில் நன்றாக வேலை செய்யும் முன்னேற்றம் வரவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்கு வந்தது. முன்னே சொன்ன தசையின் செய்தியை மாத்திரை அணைத்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். உடம்பைத் தேற்ற ஓடுகிறவர் ஓட்டத்தின் பலனையே இழப்பது எவ்வளவு வருத்தமான விஷயம்!

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கித்தான் புற்றணுக்களைக் கொல்கின்றன. அந்த நேரத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தால் புற்றணுவுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு போய்ச் சேரலாம். சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் எடுக்காதீர்கள்.

சரி, இந்த வழி யாருக்குத்தான் நல்லது? வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவு நோய்க்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யு., பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு சேர்ந்த கலவை, நோய் நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது முற்றும் அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது என்று 2001இல் நிறுவப்பட்டது. 2013இல் வந்த அடுத்த ஆய்வு, பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டின், ஸியாஸாந்தின் என்ற வேறு இரு கரோட்டினாய்டுகளைச் சேர்த்தாலும் போதும் என்று காட்டியது. ஆகவே புகைத்தவர்களும் அதை எடுக்கலாம். நோயே வராதவர்களுக்கு இது வருமுன் காக்கும் மருந்து கிடையாது. கண் மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டியது. இதைத் தவிர, ரத்தப் பரிசோதனையில் ஒரு குறிப்பிட்ட சத்து குறைவு என்று தெரிந்தால் அதற்கான மாத்திரையை, சொன்ன காலத்துக்கு எடுக்கலாம்.

## மூன்றாவது வழி: மல்டிவைட்டமின்

ஒவ்வொன்றும் ஒரு நாள் தேவையின் அளவில் இருக்கும் மாத்திரையைச் சொல்கிறேன். 14,641 ஆண் மருத்துவர்களிடம் பத்தாண்டுக்கு மேல் நடந்த ஆய்வில், மொத்தப் புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது என்று 2012இல் சொன்னார்கள். இதய நோயில் மாற்றம் இல்லை. பெண்களையும் சேர்த்து 21,442 பேரிடம் நடந்து 2022இல் வந்த ஆய்வில் புற்றுநோய் குறைந்ததாக நிறுவ முடியவில்லை. பெரிய ஆபத்தும் இல்லை, பெரிய பலனும் இல்லை என்றுதான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் சத்துக் குறைபாடு இருக்கும் இடத்தில் கதையே மாறுகிறது. சீனாவின் லின்ஷியன் பகுதியில் மக்களின் உணவில் இந்தச் சத்துகள் மிகக் குறைவாக இருந்தன. அங்கே ஏறக்குறைய 30,000 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் மிதமான அளவில் சேர்த்து எடுத்தவர்களிடையே மொத்த மரணம் 9 சதவீதமும் புற்றுநோய் மரணம் 13 சதவீதமும் குறைந்தன. 1993இல் வந்த முடிவு இது. ஃபின்லாந்தில் தீங்கு செய்த அதே பீட்டா கரோட்டின்தான் இந்தக் கலவையிலும் இருந்தது. வற்றிய குளத்துக்கு வரும் தண்ணீர் உயிர் கொடுக்கும், நிரம்பிய குளத்துக்கு வந்தால் கரையை உடைக்கும்.

ஆகவே மல்டிவைட்டமின் யாருக்கு என்றால், உண்மையிலேயே போதிய அளவு சாப்பிட முடியாதவர்களுக்கு. பசி குறைந்த முதியவர்கள், பல் இல்லாமல் மெல்ல முடியாதவர்கள், எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், குடல் நோயால் சத்து உடம்பில் சேராதவர்கள். இவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக எதையும் வாங்கக் கூடாது. ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ நாளுக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம்.

இதன் மறைமுகச் செலவு மனதில்தான். மாத்திரை போட்டாயிற்று என்ற நிம்மதியில் தட்டில் காய் குறைந்துபோகும். மாத்திரையில் நார்ச்சத்து இல்லை. காயில் உள்ள ஆயிரக்கணக்கான பிற பொருள்களும் இல்லை.

## நான்காவது வழி: சாறு கேப்சூல், பவுடர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் நோயைத் தடுத்தது என்று காட்டும் ஆதாரம் மிகக் குறைவு. பாலிபீனால்கள் குடலில் கொஞ்சமாகத்தான் உறிஞ்சப்படும். உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். சோதனைக்குழாயில் காட்டிய பலத்தை ரத்தத்தில் காட்ட அவற்றுக்கு வாய்ப்பே இல்லை.

கிரீன் டீயைப் பானமாகக் குடிப்பது வேறு, அதன் சாற்றைக் கேப்சூலாக விழுங்குவது வேறு. அதில் உள்ள கேட்டசின் என்ற பாலிபீனால்களில் முக்கியமான ஒன்று மாத்திரை வடிவில் நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்குமேல் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. பழ பவுடர்களில் அப்படி நச்சு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பணத்துக்குப் பழமே வாங்கலாம். இந்த வழி சிறந்தது என்று சொல்லக்கூடிய சூழ்நிலை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

## கேட்க மறந்த ஐந்தாவது வழி

ராடிக்கல்களை அடக்குவதைப் பற்றியே பேசுகிறோம், அவை கூடுதலாக உருவாவதைக் குறைப்பது நம் கையில் இருக்கும்போது. புகைப்பவருக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக 35 மி.கி. வைட்டமின் சி வேண்டும் என்று பரிந்துரையே இருக்கிறது. அவ்வளவையும் புகை எரித்துவிடுகிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, மிதமிஞ்சிய மது, தோலைச் சுட்டெரிக்கும் வெயில் இவை எல்லாமே இதே வேலையைச் செய்கின்றன. புகையை விடுவதற்கு ஈடான ஆன்டிஆக்ஸிடன்ட் எந்தப் பாட்டிலிலும் வருவதில்லை.

## ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால்

பதற வேண்டாம், பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பீட்டா கரோட்டின் என்று இருந்து, நீங்கள் புகைப்பவராகவோ புகைத்தவராகவோ இருந்தால் நிறுத்திவிடுங்கள். வைட்டமின் ஈ 400 ஐ.யு. என்று இருந்து, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் நீங்களே வாங்கியிருந்தால் அதுவும் வேண்டாம். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவே, இதய நோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்காக இந்த இரண்டையும் எடுக்கக் கூடாது என்று 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இரண்டு, மூன்று பாட்டில்கள் இருந்தால் ஒரே சத்து எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். செலினியம் மொத்தம் 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முடி கொட்டும், நகம் உடையும். துத்தநாகம் 40 மி.கி.யைத் தாண்டி நீண்ட காலம் போனால் உடம்பில் செம்பு குறையும். கண் நோய்க்கான கலவையில் அது கூடுதலாக இருப்பதால்தான் கூடவே செம்பும் சேர்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் அதிக அளவு வைட்டமின் சி எடுத்தால் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் தவறான எண்ணைக் காட்டும். அறுவைச் சிகிச்சை, புதிய மருந்து, கர்ப்பம் என்று எது வந்தாலும், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது இந்தப் பாட்டில்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். சத்து மாத்திரைதானே என்று பலரும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.